கடலில் உழைத்த ஏழைகள்

2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நான் எழுதிய கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கக் கடிதம். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், ஈஸ்ட் ஹாம் என்னுமிடத்தில் குடியிருக்கும் என் தங்கைக்கு எழுதியது. நல்ல தமிழில், நபிமொழி ஆதாரத்துடன், ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்துவிட்டோம் என்ற நிறைவோடுதான் அதை உறையிலிட்டு ஒட்டினேன். அந்த நிறைவு பிழையானது என்று உணர எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. பிழைக்கு விலை கொடுத்தவன் நானல்லன்.

தங்கையின் கணவர் சமையல் வேலைக்கு அனுமதி பெற்று அந்நாட்டுக்குச் சென்றவர். பின்னர் தங்கையையும் மூத்த பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டார். அங்கே நிலையாகத் தங்கும் உரிமை கிடைக்கும்வரை பொது நிதியிலிருந்து எதனையும் பெறலாகாது என்பது அவர்களுடைய விசாவின் நிபந்தனை. 2007-இல் அவ்வுரிமை கிடைத்தது, நிபந்தனையும் நீங்கியது. அதற்கு முன்பே, 2005-இல், ஒரு மகன் பிறந்திருந்தான். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். மூன்று வயதாகியும் உட்காரவில்லை, கழுத்து நிற்கவில்லை, விழுங்குவதும் கடினம். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் சிரிப்பான்.

குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோகும் அரசாங்கத் தாதி ஒருநாள் தங்கையிடம், "இக்குழந்தைக்கு டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ் என்னும் உதவித்தொகை உண்டு. உன் கணவரின் சம்பளம் குறைவென்றால் டாக்ஸ் கிரெடிட்டும் உண்டு. இரண்டுக்கும் மனுச் செய்" என்று சொல்லியிருக்கிறார். தங்கை எனக்குத் தொலைபேசியில் கேட்டாள்: "காக்கா, இதெல்லாம் வாங்கலாமா? நமக்கு ஆகுமா?"

முக்கியமான விஷயம், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன். கொடுக்கும் கையின் உயர்வும் வாங்கும் கையின் தாழ்வும் கூறும் நபிமொழியை எடுத்துக்காட்டினேன். உடல் வலிமையோடு உழைக்கும் ஆணுக்கு ஜகாத்தில் பங்கில்லை என்னும் விதியை நினைவூட்டினேன். நம் வாப்பா கஞ்சி குடித்த நாளிலும் எவரிடமும் கை நீட்டியதில்லை என்று முடித்தேன். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. காக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவள் கேட்டது மார்க்கத் தீர்ப்பு. நான் கொடுத்தது குடும்பப் பெருமை. அதற்கு அரபுச் சொற்களால் ஓர் உறை போட்டிருந்தேன், அவ்வளவே.

2012-இல் ரமளான் மாதம் சூலைப் பிற்பகுதியில் பிறந்தது. மத்ரஸாவில் விடுமுறை விட்டதும், மைத்துனர் அனுப்பிய பயணச்சீட்டில் இலண்டன் போய்ச் சேர்ந்தேன். அவ்வாண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் அவர்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில்தான் நடந்தன. ஊரே விழாக்கோலம். எனக்கோ இரவும் பகலும் தடுமாறிக் கிடந்தன. அந்நாட்டுக் கோடையில் பகல் முடியவே முடியாது. இரவு ஒன்பது மணியளவில் நோன்பு திறப்பு, தராவீஹ் முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு, இரண்டு மூன்று மணிக்குள் ஸஹர். இடையில் உறங்குவதா, விழித்திருப்பதா? நான் முன்னறையில் ஓதிக்கொண்டு விழித்திருந்தேன்.

அதனால்தான் தெரிந்தது. அடுத்த அறையில் தங்கை எழுந்திருக்கும் ஓசை கேட்கும். பையனைப் புரட்டிப் படுக்க வைப்பாள்; ஒரே பக்கமாகக் கிடந்தால் உடல் புண்ணாகிவிடும். சளி கட்டினால் நிமிர்த்தி முதுகைத் தட்டுவாள். துணி மாற்றுவாள். ஸஹருக்கு முன் இரண்டு முறை. ஸுபுஹுக்குப் பின் நாங்கள் கண்ணயரும் நேரத்தில் மீண்டும் இரண்டு முறை. முதல் நாள் ஏதோ காய்ச்சல் போலும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எண்ணத் தொடங்கினேன். ஏழு ஆண்டுகளாக அவள் ஓர் இரவையும் முழுமையாக உறங்கவில்லை.

மைத்துனர் உணவகத்தை விட்டு ரொட்டி ஆலையொன்றில் இரவு வேலைக்கு மாறியிருந்தார். சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே சம்பளம். அது போதாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்கு இறக்கும் வேலை. மேசைமேல் கிடந்த அவருடைய சம்பளச் சீட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். வருமான வரியாக ஒரு தொகையும் தேசியக் காப்பீடாக ஒரு தொகையும் பிடிக்கப்பட்டிருந்தன. சென்று சேர்ந்த நாள் முதல் அவர் செலுத்திவருகிறார். பிறர் பணத்தில் உண்ணாதே என்று நான் கடிதம் எழுதியது, அந்தப் பொதுப் பெட்டியில் மாதந்தோறும் பணம் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு!

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியொன்றை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார். பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசல்தோறும் இரந்து நிற்பதைக் கண்டு கலீஃபா காரணம் வினவுகிறார். வரியும் வறுமையும் முதுமையும் என்று பதில் வருகிறது. கலீஃபா அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்துவிட்டு, பைத்துல்மால் அலுவலரை வரவழைத்து, இவரையும் இவர் போன்றாரையும் கவனியும், இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்று உத்தரவிடுகிறார். இதை எத்தனை மீலாது மேடைகளில் உருக்கமாகச் சொல்லியிருப்பேன்! நம்மவர் அரசு பிறருக்குக் கொடுத்ததென்றால் பெருமை. பிறர் அரசு நம்மவருக்குக் கொடுப்பதென்றால் இழிவு. இந்தத் தராசை எங்கிருந்து வாங்கினேனோ.

பெருநாள் கழிந்த மறுவாரம், "நாளைக்கு மனுச் செய்யப் போவோம்" என்று நானே சொன்னேன். தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அந்நாட்டில் ஊருக்கு ஊர் இலவச ஆலோசனை நிலையங்கள் உள்ளன. சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யும் பெரியவர்கள் பலர் அங்கே அமர்ந்திருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கில மாது. பையனின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். "நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை?" என்று கேட்டார். பதின்மூன்று வயது மருமகள் தமிழில் மொழிபெயர்த்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாமல் இருந்துவிட்டோம்" என்றாள். எனக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தப் பொய் எதற்காகச் சொல்லப்பட்டது என்பது தெரிந்தது.

மனுப் படிவம் ஒரு சிறு நூலின் பருமன். வீட்டுக்கு எடுத்து வந்து மூன்று இரவுகள் எழுதினோம். தங்கை சொல்வாள், நான் குறிப்பெடுத்து ஒழுங்குபடுத்துவேன், மருமகள் ஆங்கிலத்தில் எழுதுவாள். உண்பதில் என்ன உதவி வேண்டும்? எத்தனை நேரம்? உடுப்பதில்? கழிப்பறையில்? அதே வயதுள்ள மற்றக் குழந்தையைவிட எவ்வளவு கூடுதல்? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம்?

முதல் இரவில் தங்கை சொன்ன விடைகளைப் படித்தால், அந்தப் பையனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றும். "கொஞ்சம் உதவி செய்வேன்." "பழகிவிட்டது." "அல்ஹம்துலில்லாஹ், சமாளித்துக்கொள்கிறேன்." ஏழு ஆண்டுகளாக நலம் விசாரித்தவர்க்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாவில் தேய்ந்த விடைகள். மறுநாள் அந்த மாதிடம் காட்டியபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று படிவம் கேட்கவில்லை அம்மா. சமாளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறது."

அன்றிரவு நான் அவளுக்கு ஆசிரியனாக ஒரு சொல் சொன்னேன். சாட்சியம் பற்றிய பாடத்தை நான் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறேன். கூட்டிச் சொல்வது பொய்ச் சாட்சி. குறைத்துச் சொல்வதும் சாட்சியை மறைப்பதே. இது புலம்பலன்று, பேச முடியாத பிள்ளைக்காகத் தாய் சொல்லும் சாட்சியம். உள்ளதை உள்ளபடி சொல் என்றேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு சொல்லத் தொடங்கினாள். ஒரு கவளம் ஊட்ட எவ்வளவு நேரம் ஆகும், புரையேறினால் முகம் எப்படி நீலம் பாரிக்கும், குளிப்பாட்டும்போது வழுக்கி ஒருமுறை இருவரும் விழுந்தது, அதைக் கணவரிடம்கூடச் சொல்லாதது எல்லாம். மருமகள் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. "உம்மா, இது எனக்குத் தெரியாதே" என்றாள்.

இரவுக் கேள்விக்கு மட்டும் தங்கை, "இரண்டு முறை என்று போடு" என்றாள். "நான்கு" என்றேன் நான். "எண்ணியவன் நான்."

சான்றுத் தாள்களை எடுக்க அவளுடைய கோப்பைத் திறந்தபோது மருத்துவமனைக் கடிதங்களுக்கிடையே என் கடிதம் இருந்தது. என் கையெழுத்தை நானே பார்த்தேன். "இதைக் கொடுத்துவிடு, கிழித்துவிடுகிறேன்" என்றேன். தங்கை வாங்கி மீண்டும் கோப்பிலேயே வைத்தாள். "வேண்டாம் காக்கா. நான் இங்கே வந்த பின்னாடி நீங்க எழுதின கடுதாசி இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு" என்றாள்.

எங்கள் பக்கத்து மத்ரஸாக்களில் ஃபத்ஹுல் முஈன் ஓதாத மாணவன் இரான். அதில் ஜகாத் பாடத்தில் ஃபகீர், மிஸ்கீன் என்னும் இரு சொற்களுக்கும் வேறுபாடு சொல்லித் தருவோம். ஒருவனுக்கு நாளொன்றுக்குப் பத்து வேண்டும். இரண்டோ மூன்றோதான் கிடைக்கிறதெனில் அவன் ஃபகீர். ஏழோ எட்டோ கிடைத்தும் பத்து நிறையவில்லையெனில் அவன் மிஸ்கீன். மிஸ்கீன் என்றால் சும்மா இருப்பவன் அல்லன் என்பதற்கு நம் இமாம்கள் திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தைச் சான்று காட்டுவர். அங்கே களிர் (அலை) துளையிட்ட கப்பல், கடலில் வேலை செய்துகொண்டிருந்த மிஸ்கீன்களுக்கு உரியதாக இருந்தது. கப்பல் இருந்தது, வேலையும் இருந்தது. ஆயினும் அவர்கள் மிஸ்கீன்களே. எங்கள் ஊர்க் கரையில் சொந்த வள்ளம் வைத்திருந்தும் ஐப்பசி கார்த்திகையில் அடுப்பெரியாத வீடுகளைக் காட்டி, நான் மாணவர்க்கு இதை விளக்குவது வழக்கம். ரொட்டி ஆலையில் இரவெல்லாம் நின்று உழைக்கும் என் மைத்துனர்தான் அந்தக் கப்பற்காரர் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

டாக்ஸ் கிரெடிட் என்பதும் இந்தப் பத்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட கணக்கே. உழைத்தும் போதாத குடும்பங்களுக்குத் துணைத்தொகை கொடுப்பதை அந்நாடு 1971-இல் தொடங்கியது. பெயர்கள் பலமுறை மாறி, 2003 ஏப்ரலில் வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட், சைல்ட் டாக்ஸ் கிரெடிட் என்று இரண்டாக அமைந்தன. வரி வாங்கும் துறையே இதையும் வழங்கியது. குடும்பத்தின் அளவு, வேலை நேரம், பிள்ளையின் ஊனம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மொத்தத்தைக் கணக்கிடுவார்கள். நாங்கள் மனுச் செய்த ஆண்டில், வருமானம் 6,420 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 41 பென்ஸ் வீதம் அதிலிருந்து கழிப்பார்கள். கூலி ஏற ஏற உதவி இறங்கும். ஆனால் ஒரேயடியாக அறுந்துவிடாது.

குறை இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு வருமானத்தை வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தா என்பார்கள். முதல் ஆண்டிலேயே இவ்வாறு கூடுதலாகப் போனது ஏறத்தாழ 200 கோடி பவுண்டு. ஏழை வீட்டில் செலவழிந்த பணம் திரும்பி வருமா? நம் ஃபிக்ஹு நூல்களில் இமாம் நவவீ (ரஹ்) வலியுறுத்தும் கருத்து, தேவையுடையவனுக்கு ஆயுள் முழுதும் போதுமானதைக் கொடுத்துவிடுவது: தொழிலாளிக்குக் கருவி, வியாபாரிக்கு முதல். அந்தக் கண்ணோட்டம் வேறு. வாரந்தோறும் அளந்து வார்க்கும் இந்த முறை வேறு. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. தீர்ப்புச் சொல்லிப் பட்டது போதும்.

ஊனமுற்றோர்க்கான தொகையின் கதைதான் என்னை அதிகம் தொட்டது. அது வருமானத்தையே பார்ப்பதில்லை. கணவர் சம்பாதிக்கிறாரே என்று நான் எழுதிய வாதம் அங்கே செல்லவே செல்லாது. ஊனத்தினால் கூடும் செலவுக்கும் உழைப்புக்கும் ஈடு அது. முன்பு அங்கும் இப்படியொன்று இல்லை. போரில் காயமுற்றவர்க்கும், தொழிற்சாலையில் அடிபட்டவர்க்கும், காப்பீட்டுச் சந்தா கட்டியவர்க்குமே உரிமை இருந்தது. வீட்டிலிருந்தபடியே நோயுற்ற பெண்ணுக்கு ஒன்றுமில்லை. 1965-இல் மேகன் டு பாய்ஸன், பெரிட் மூர் என்னும் இரு இல்லத்தரசிகள், தாமே நோயாளிகள், செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினர். அதிலிருந்து ஓர் இயக்கம் எழுந்தது. 1971-இல் துணையாளர் தேவைப்படுவோர்க்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பிறந்தது. உமையாக்களில் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், முடவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணியாளரையும் குருடர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வழிகாட்டியையும் ஏற்படுத்தினார் என்று தபரீ எழுதுவது என் நினைவுக்கு வந்தது. அங்கே கலீஃபாவின் ஆணை. இங்கே இரு பெண்களின் கடிதம். கடிதங்களிலும்தான் எத்தனை வகை!

அவ்வாண்டு திசம்பரில் முடிவு வந்தது. நான் ஊர் திரும்பிவிட்டேன். மருமகள் தொலைபேசியில் படித்துச் சொன்னாள். பராமரிப்புப் பகுதியில் உச்ச விகிதம், வாரம் 77 பவுண்டு 45 பென்ஸ். நடமாட்டத்துக்கு வாரம் 54 பவுண்டு 5 பென்ஸ். அதன் காரணமாக டாக்ஸ் கிரெடிட்டிலும் கூடுதல் பகுதிகள். வாரம் 35 மணிக்குக் குறையாமல் பராமரிக்கும் தாய்க்கு 58 பவுண்டு 45 பென்ஸ். எல்லாம் மனுச் செய்த நாளையொட்டி. குழந்தையின் தொகைக்கு முன்தேதியிட்டுக் கொடுக்கும் வழக்கமே அங்கில்லை.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2008 ஏப்ரல் முதல் 2012 ஏப்ரல் வரை, பராமரிப்புப் பகுதி மட்டும், வாரம் 67 பவுண்டில் தொடங்கி 73 பவுண்டு 60 பென்ஸ் வரை: 14,682 பவுண்டு. அன்றைய மாற்று விலையில் பன்னிரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். என் பத்தாண்டுச் சம்பளம். திருப்பிக் கொடுக்க விரும்பினாலும் முடியாத தொகை. முடிந்தாலும் அந்த இரவுகளை யார் திருப்புவது? மைத்துனரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க மச்சான், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அந்தச் சொல் இன்றும் முள்ளாக இருக்கிறது.

அப்பணத்தில் மாளிகை ஏதும் எழவில்லை. மைத்துனர் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டார். வாரத்தில் இரண்டு இரவு பையன் பக்கத்தில் அவர் படுத்தார், தங்கை உறங்கினாள். குளிர்காலத்தில் அறையைத் தயங்காமல் சூடேற்றினார்கள். ஓயாமல் ஓடி உடைந்துபோன துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பதில் புதியது வந்தது.

2021-இல் பையனுக்குப் பதினாறு வயது நிரம்பியது. இனி அது குழந்தைக்கான தொகையன்று. வளர்ந்தவர்க்கான பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்டுக்கு அவனே புதிதாக மனுச் செய்ய வேண்டும். அவனால் இயலாதென்று உறுதி செய்துகொண்டு, அவன் சார்பில் செயல்படத் தாயை நியமித்தார்கள். நம் நூல்களில் வலீ என்கிறோமே, அது. ஆனால் முதற் கடிதம் அவன் பெயருக்கே வந்தது. மருமகள் அதை உரக்கப் படித்து அவன் பெயரைச் சொன்னபோது வழக்கம்போல் சிரித்தானாம். 2025 சூலை 1 அன்று, அத்தொகைக்குரிய தகுதியைக் கடுமையாக்கும் பிரிவொன்றை, தன் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் அரசு நாடாளுமன்றத்தில் கைவிட்டது. அன்று முழுதும் தொலைக்காட்சிப் பெட்டிமுன் உட்கார்ந்திருந்ததாகத் தங்கை சொன்னாள்.

டாக்ஸ் கிரெடிட் இப்போது இல்லை. 2025 ஏப்ரல் 5-ஆம் நாளோடு முடிந்தது. அதை வாங்கி வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு முன்னதாகவே கடிதம் அனுப்பி, மூன்று மாதங்களுக்குள் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மனுச் செய்யச் சொன்னார்கள். தானாக மாறிவிடாது, கெடு தப்பினால் பழைய தொகை நின்றுவிடும். தங்கைக்கு அக்கடிதம் 2024-இல் வந்தது. இரண்டாம் வாரமே மனுச் செய்து முடித்துவிட்டாள். எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?" என்றேன்.

"எதுக்கு காக்கா?" என்று சிரித்தாள். பழைய கோப்பு கிழிந்துவிட்டதாம். தாள்களையெல்லாம் புதுக் கோப்புக்கு மாற்றினாளாம்.

அந்தக் கடிதம் என்னாயிற்று என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள்.